தட்டும் பாடமும்: ராஜம்மாள் பி. தேவதாஸும் தமிழகத்தின் ஊட்டச்சத்துக் கல்வியும்

பள்ளிக் குழந்தையின் பசியை அரசின் பொறுப்பாக ஏற்றதில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் தட்டில் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. இத்தனைக்குப் பிறகும், 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு காட்டும் படம் நெஞ்சைச் சுடுகிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது 57.4 விழுக்காடு. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது, குறையவில்லை, கூடியிருக்கிறது. நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. அதே வேளையில் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டவர்கள்.

சோறு போட்ட மாநிலத்தில் சோகை ஏன் நீங்கவில்லை? வறுமை, சுகாதாரம், குடிநீர், மருத்துவம் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் குறைவாகப் பேசப்படுவது ஒன்று: உணவைப் பற்றிய கல்வி. அந்தக் கல்வியைத் தமிழகத்தில் ஒரு துறையாக வளர்த்தவர்களுள் தலையாயவர் முனைவர் ராஜம்மாள் பி. தேவதாஸ் (1919–2002). அவர் பிறந்த செங்கமும் இக்கட்டுரை சென்று சேரும் வாலாஜாபேட்டையும் நெடுங்காலம் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர்கள். அவருடைய பணியை முழுதாகப் பார்ப்பதும், அதில் எது நிலைத்தது, எது திருத்தம் பெற்றது, எதை நாம் கைவிட்டோம் என்று எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அவருக்கு முன்பிருந்த அறிவு

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆய்வு ஒரு நிறுவனமாக வேரூன்றியது தமிழ் மண்ணில்தான். 1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, புழுங்கலரிசி ஏன் பெரிபெரியைத் தடுக்கிறது என்பதை விளக்கினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்டவரும் அவரே. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சோஹோனி, நாடு திரும்பியபின் சில காலம் இதே குன்னூர்க் கூடத்தில் உயிர்ச்சத்துகளை ஆராய்ந்தார். அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஆனால் குன்னூரில் விளைந்த அறிவு ஆங்கில அறிக்கைகளிலேயே தங்கிவிட்டது. களி கிண்டும் கைக்கும் கஞ்சி வடிக்கும் கைக்கும் அதைக் கொண்டுசேர்க்க ஆளில்லை. மேலைநாடுகளில் இந்த வேலையைச் செய்ய மனையியல் என்ற துறையைப் பெண்களே உருவாக்கியிருந்தார்கள். வேதியியல் படித்த எலன் ரிச்சர்ட்ஸ் 1890இல் பாஸ்டனில் ஒரு பொதுச் சமையற்கூடம் திறந்து, உழைக்கும் மக்களுக்கு மலிவான சத்துள்ள உணவை விற்றார். அது எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அவர்கள் கண்ணெதிரே காட்டினார். இந்தியாவில் 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி பிறந்தது. சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் மனையியல் பட்டப்படிப்பு வந்தது. அதன் தொடக்கக்கால மாணவிகளுள் ஒருவர் ராஜம்மாள்.

செங்கத்திலிருந்து ஒகையோவுக்கு

1940களில் பட்டம் பெற்ற ராஜம்மாள், உயர்கல்விக்காக அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் தேர்ந்த பாடங்களிலேயே அவருடைய பிற்காலப் பாதை தெரிகிறது. உணவும் ஊட்டமும் பற்றிய முதுகலை, மனையியலைக் கற்பிக்கும் முறை பற்றிய மற்றொரு முதுகலை, அதன்பின் 1950இல் முனைவர் பட்டம். உயிர்வேதியியல் அறிந்த ஒருவர் கற்பித்தலையும் தனித் துறையாகப் பயின்றது அந்நாளில் அரிது. சத்து எங்கே இருக்கிறது என்பதை ஆய்வகம் சொல்லும். அதை இன்னொருவர் மனத்தில் எப்படிப் பதியவைப்பது என்பது வேறொரு கலை என்று அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

நாடு திரும்பியபின் 1950களில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சகத்தில் தலைமை மனையியல் வல்லுநராகப் பணியாற்றினார். 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வட்டாரம் வட்டாரமாக விரிந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்தோறும் சென்று பெண்களிடம் பேச கிராம சேவிகைகள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு உணவு, குழந்தை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், புகையில்லா அடுப்பு எனப் பயிற்சி தரும் மனையியல் பிரிவுகள் விரிவாக்கப் பயிற்சி மையங்களில் இயங்கின. படித்த பெண் ஒருத்தி அரசு ஊழியராக இன்னொரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று, அவள் சமையலைப் பற்றி மரியாதையோடு பேசுவது அதுவரை நம் கிராமங்கள் காணாத ஒன்று.

1961இல் கோவைக்கு வந்தார். கல்வி அமைச்சராக இருந்த காந்தியவாதி தி.சு. அவினாசிலிங்கம் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு முதல்வரானார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது அதன் துணைவேந்தராகவும் பின்னர் வேந்தராகவும் விளங்கினார். மாநிலத் திட்டக்குழுவில் உறுப்பினராக இருந்தார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். டெல்லியில் பெரிய பதவியில் இருந்தவர், தொடங்கி நான்கே ஆண்டுகளான கல்லூரிக்கு வந்து அங்கேயே வாழ்நாளைச் செலவிட்டது தற்செயல் அல்ல. கொள்கை எழுதுவதைவிட ஆட்களை உருவாக்குவது முதன்மையானது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

கோவையில் நடந்த மூன்று பணிகள்

முதற்பணி, கைக்கெட்டும் உணவை ஆய்வகத்தில் நிறுத்திச் சோதித்தது. உயிர்ச்சத்து ஏ குறைந்து கண்ணொளி இழந்த குழந்தைகள் அந்நாளில் தமிழகத்தில் ஏராளம். அதற்கு மருந்தும் மாத்திரையும் மட்டுமே வழியா, வேலியோரக் கீரையும் கொல்லைப் பப்பாளியும் உதவாவா என்று ராஜம்மாளும் உடன் பணியாற்றியவர்களும் கேட்டார்கள். பள்ளிவயது எட்டாத குழந்தைகளுக்குக் கீரையையும் பப்பாளியையும் கொடுத்து, அதிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். பச்சைக் கீரைக்கும் உலர்த்திய கீரைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஆராய்ந்தார்கள். இலைப் புரதத்தைப் பிரித்தெடுத்துக் குழந்தைகளுக்குத் தரும் முயற்சியும் நடந்தது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வெளியான இந்த ஆய்வுகள், ஏழை வீட்டில் என்ன விளையும், என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கியவை. அதுவே அவற்றின் தனிச்சிறப்பு.

‘குழந்தை அமுது’ என்ற இணை உணவும் அதே சிந்தனையில் பிறந்தது. வறுத்த தானிய மாவு, வறுத்த பயறு, வறுத்த நிலக்கடலை, வெல்லம். அவ்வளவே. தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்ட வேண்டிய மாதங்களில் டப்பா மாவு வாங்க முடியாத தாய்க்கு இது விடை. தானியத்தில் குறையும் அமினோ அமிலத்தைப் பயறு நிரப்புகிறது. கடலை கொழுப்பையும் கூடுதல் ஆற்றலையும் தருகிறது. வறுப்பதால் செரிமானம் எளிதாகிறது, மாவும் சில நாள் கெடாமல் இருக்கிறது. இதை உருவாக்கியதோடு நிற்காமல், உண்ட தாய்மாரிடமும் குழந்தைகளிடமும் என்ன மாற்றம் என்று அளந்து 1974இல் வெளியிட்டார்கள். இன்று அங்கன்வாடிகளில் வழங்கப்படும் சத்துமாவும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது பணி, அறிவு தங்குவதற்கும் சோதிக்கப்படுவதற்கும் ஓர் இடம் அமைத்தது. 1964 முதல் கோவையிலிருந்து ஊட்டச்சத்து ஆய்விதழ் ஒன்று வெளிவருகிறது. அயல்நாட்டு இதழ்கள் பொருட்படுத்தாத கேள்விகளுக்கு அது இடம் கொடுத்தது: கேழ்வரகை முளைகட்டினால் என்ன ஆகும், பள்ளி மதிய உணவு எடையைக் கூட்டுகிறதா, பாடம் கேட்ட தாய் சமையலை மாற்றுகிறாளா? கல்லூரியில் பயின்ற பெண்கள் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் சென்றார்கள்.

மூன்றாவதுதான் இன்று நாம் திரும்பிப் பார்க்க வேண்டியது. 1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு யுனிசெஃப் உதவியுடன் தொடக்கப்பள்ளிகளுக்காக ஊட்டச்சத்து, உடல்நலம், சுற்றுப்புறத் தூய்மைக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாடெங்கும் ஐந்தே மையங்கள்: பரோடா, கல்கத்தா, ஜபல்பூர், லூதியானா, கோவை. கோவைப் பொறுப்பு அவினாசிலிங்கம் கல்லூரியிடம் வந்தது. ஊட்டச்சத்தைத் தனிப் பாடமாக ஏற்றிச் சுமை கூட்டாமல், மொழியிலும் கணக்கிலும் அறிவியலிலும் கலந்து கற்பிப்பதே இதன் முறை. கணக்குப் பாடத்தில் எடையை அளக்கும்போது சாப்பாட்டு அளவும் வரும். தோட்டத்தில் விதை போடும்போது கீரையின் பயனும் வரும். குழந்தை கற்றது வீட்டுக்குப் போகும் என்பது அதன் நம்பிக்கை.

மூன்று மறுப்புகள்

ஒரு துறையை முழுதாக மதிப்பிட வேண்டுமானால் அதன்மீது வந்த மறுப்புகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் மறுப்பு புரதம் பற்றியது. 1950களிலும் 60களிலும் உலகமே புரதப் பற்றாக்குறையைப் பேசியது. இலைப் புரதமும் புரத மாவுகளும் அந்த அலையில் வந்தவை. ஐதராபாத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலனும், வேறு கோணத்திலிருந்து புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேவும், நம் குழந்தைகளுக்கு முதலில் குறைவது மொத்த உணவே என்று காட்டினார்கள். வயிறு நிறைந்தால் வழக்கமான சோறும் பருப்புமே பெரும்பாலும் புரதத் தேவையை நிறைவு செய்யும். இத்திருத்தம் சரியானது. ஆனால் தானியம், பயறு, கடலை, வெல்லம் கலந்த குழந்தை அமுதை அது வீழ்த்தவில்லை. அக்கலவை புரதத்தோடு ஆற்றலையும் சேர்த்தே தந்தது.

இரண்டாவது மறுப்பு கீரை பற்றியது. 1995இல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் தாய்ப்பால் ஊட்டும் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, கீரை உண்பதால் மட்டும் உயிர்ச்சத்து ஏ நிலை உயரவில்லை என்றது. கரோட்டினை உடல் உயிர்ச்சத்தாக மாற்றும் அளவு, முன்பு கருதியதில் பாதி என்று 2001இல் அமெரிக்க வல்லுநர் குழு கணித்தது. எனில் கோவை ஆய்வுகள் வீணா? இல்லை. பப்பாளி, மாம்பழம் போன்ற பழங்களின் கரோட்டின் கீரையினுடையதைவிட எளிதாகச் சேர்கிறது. சற்று எண்ணெய் விட்டுச் சமைத்தால் கீரையினுடையதும் கூடுதலாகச் சேரும். குடற்புழு நீங்கினாலும் அப்படியே. கீரை நல்லது என்ற பாடம் பாதிதான். எதனோடு, எப்படி என்பதே மீதிப் பாடம்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. ஊட்டக்குறைக்குக் காரணம் தாயின் அறியாமை என்று சொல்வது ஏழையைக் குற்றவாளியாக்குவதாகாதா? மனையியல் பெண்ணை அடுக்களைக்குள்ளேயே பூட்டவில்லையா? இக்கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. கையில் காசில்லாதவளுக்குச் சரிவிகித உணவு பற்றிப் பாடம் நடத்துவது கொடுமை. ஆயினும் கோவையின் பாடம் இருக்கும் உணவிலிருந்து தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. அதுபோலவே, பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் பலவும் மனையியல் என்ற பெயருக்காக அனுப்பின. அப்பெண்கள் வேதியியலும் புள்ளியியலும் கற்று வேலைக்குப் போனார்கள். குறை ஒன்று நிச்சயம் உண்டு. வளர்ந்த ஆண்களுக்கு இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் சொல்லவில்லை. சந்தையில் எதை வாங்குவது, வீட்டில் யார் முதலில் உண்பது, எந்தத் தட்டில் மீன் துண்டு விழுவது என்பதை இன்றும் பெரும்பாலும் ஆண்களே முடிவு செய்கிறார்கள்.

உணவு வளர்ந்தது, பாடம் தேய்ந்தது

அரசுத் திட்டங்களின் வரலாறு இரு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, எல்லாக் குழந்தைக்கும் உணவு தரும் சத்துணவு வழி. மற்றொன்று, 1980இல் மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் வழி. அதில் ஊர்ப்பெண் ஒருவரே ஊட்டச்சத்துப் பணியாளர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கு வளர்ச்சி அட்டையைக் காட்டி விளக்கினார்கள். கடுமையான ஊட்டக்குறை குறைந்தது. அளவு பார்த்தல், உணவு, பாடம் மூன்றும் ஒரே கையிலிருந்து ஒரே திண்ணையில் நடந்ததே அதன் வலிமை.

அத்திட்டம் 1990களில் முடிந்து, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளோடு கலந்தது. இன்று அங்கன்வாடிப் பணியாளர் எடையும் பார்க்கிறார், மாவும் தருகிறார், கணக்கும் எழுதுகிறார், செல்பேசிச் செயலியில் பதிவும் செய்கிறார். தாயோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரமில்லை. பள்ளியிலும் அதே நிலை. சத்துணவுக் கூடமும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன; ஒன்றுக்கொன்று பேசுவதில்லை. தட்டில் முட்டை விழுகிறது, அது ஏன் விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை. 1975இன் கோவைத் திட்டம் இணைக்க முயன்றது இவ்விரண்டையும்தான்.

தோல் தொழில் வட்டாரத்தின் தேவை

உணவும் பாடமும் மீண்டும் இணைய வேண்டிய இடங்களுள் ஒன்று தோல் தொழில் வட்டாரம். வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் இந்த வட்டாரத்துக்கு உடல்நலத் துறையில் பெரிய மரபு உண்டு. ஐடா ஸ்கடர் 1870இல் பிறந்தது ராணிப்பேட்டையில். அவர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை, சாலையோரத்தில் நோயாளிகளைத் தேடிச் சென்ற மருத்துவமனை. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டு ஊர்களில் பரவிய ஒருவகைக் குடல் நோயை வேலூர் ஆய்வாளர் எஸ்.ஜே. பேக்கர் குழு ஆராய்ந்தது. உண்ட உணவின் சத்து குடலில் சேராமலே போகும் நோய் அது. இதனால் ஒன்று தெளிவாகிறது: குடிநீரும் கழிவுநீரும் சீராகாமல் தட்டு மட்டும் நிறைந்து பயனில்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதும், 1996இல் வேலூர் மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பு வழங்கியதும் இவ்வட்டாரம் மறக்காத வரலாறு. அந்த நீரில்தான் கீரை விளைய வேண்டும், அந்த நீரில்தான் உலை கொதிக்க வேண்டும்.

இன்று டேனரியைவிட ஷூ கம்பெனியே இங்குள்ள பெண்களுக்குப் பெரிய வேலையிடம். விடியலில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, கம்பெனி வேன் பிடிப்பவளுக்குக் காலை உணவு பெரும்பாலும் ஒரு டீயோடு முடிகிறது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவதும், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும் பெரிய செலவில்லாத மருந்து. அதைச் சொல்ல ஆளில்லை. ரத்தசோகை உள்ள பெண் தையல் எந்திரத்தின் முன் சோர்ந்தால் அதைச் சோம்பல் என்கிறார்கள்.

இம்மண்ணின் உணவோ வளமானது. களியும் கூழும் இங்கே பழைய உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. மல்லாட்டை என்னும் நிலக்கடலை இந்த மானாவாரி நிலத்தின் பயிர். பயறும் முருங்கைக் கீரையும் எட்டாத பொருள்கள் அல்ல. ஆம்பூர்ப் பிரியாணி புகழ்பெற்றது. இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும் என்பதால் அதையும் குறைசொல்ல வேண்டியதில்லை. குழந்தை அமுதுக்கு வேண்டிய அத்தனையும் வாலாஜாபேட்டைச் சந்தையில் ஒரே கடையில் கிடைக்கும்.

செய்யத்தக்கவை

சட்டம் ஏற்கெனவே வழி திறந்திருக்கிறது. 250 தொழிலாளர்களுக்கு மேலுள்ள ஆலையில் உணவகம் வேண்டும், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பின்வந்த திருத்தத்தோடு, கட்டளையிட்டது. அந்த உணவகத்தில் வாரம் இருமுறை கேழ்வரகும் நாள்தோறும் பயறும் வந்தால், காப்பகத்தில் மாதம் ஒருமுறை எடை பார்த்துத் தாயிடம் பேசினால், கொட்டாம்பட்டியில் நடந்தது ஆம்பூரிலும் நடக்கும். வாலாஜாபேட்டையில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவிகள் வகுப்பில் கற்றதை ஆலை வாசலிலும் அங்கன்வாடித் திண்ணையிலும் சொல்லிப் பழக வேண்டும். அதுவே மதிப்பெண்ணாகவும் கணக்கில் சேர வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டுச் சுமை குறைந்து, தாயோடு பேசும் நேரம் அவருடைய பணியின் நடுவான பகுதியாக வேண்டும். பள்ளியில் சத்துணவுத் தட்டே பாடப்பொருளாக வேண்டும். பையன்களும் அதைப் படிக்க வேண்டும். நீரைக் கெடுப்பவர்மீது சட்டம் தளராமல் நிற்க வேண்டும், ஏனெனில் அதுவும் ஊட்டச்சத்துக் கொள்கையே.

ராஜம்மாள் தேவதாஸ் தம் காலத்தின் கொள்கைகளுக்குள் நின்று பணியாற்றியவர். அவற்றுள் சில திருத்தம் பெற்றன. எந்த அறிவியலாளரின் பணிக்கும் அது இயல்பு. மாறாமல் நிற்பது அவருடைய முறை: மக்கள் உண்பதை முதலில் பார், ஆய்வகத்தில் சோதி, அவர்கள் மொழியில் கற்பி, கற்பித்தது பயன்பட்டதா என்று திரும்பவும் அளந்து பார். இந்த நான்கில் ஒன்று விட்டாலும் மற்றவை பயனில்லாத உழைப்பாகிவிடும். நாம் உணவு கொடுப்பதை விரித்துக்கொண்டே போய், கற்பிப்பதையும் அளப்பதையும் விட்டுவிட்டோம். குழந்தைகளின் ரத்தசோகையைக் காட்டும் 57.4 என்ற எண்ணில் அதன் பங்கும் இருக்கிறது. தமிழகத்திடம் சமையற்கூடம் இருக்கிறது, நிதி இருக்கிறது, ஊர்தோறும் பணியாளர் இருக்கிறார். அவர்கள் கையில் பாடத்தைத் திரும்பக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. அதைத் தொடங்க, உழைக்கும் பெண்கள் இத்தனை பேர் நாள்தோறும் ஓரிடத்தில் கூடும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை.